பிள்ளைக்குப் பிள்ளையே உபாத்தியாயர்



பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ள எந்த வீட்டிலும், வீட்டுத் தவணை, அரிசி, மின்சாரம் என்று எழுதிக்கொண்டு வரும் செலவுப் பட்டியலில் இப்போது டியூஷன் என்பதும் ஒரு நிலையான வரியாக ஏறிவிட்டது. இது நம்மவர் வீடுகளின் கதை மாத்திரமன்று. சிங்கப்பூர் அரசாங்கம் எடுத்த குடும்பச் செலவினக் கணக்கின்படி, 2017-18-ல் இந்நாட்டுக் குடும்பங்கள் டியூஷனுக்காக ஓராண்டில் செலவிட்ட தொகை ஏறக்குறைய 140 கோடி வெள்ளி. 2023-ல் எடுத்த கணக்கிலோ அது 180 கோடி வெள்ளியாக உயர்ந்துவிட்டது. வியாபாரம் செய்கிற நமக்கு ஒன்று தெரியும். ஒரு சரக்கின் விலை ஏறிக்கொண்டே போனால், வாங்க முடியாதவர் விலையை எதிர்த்துச் சண்டை போட வருவதில்லை. கடைப்பக்கம் வருவதையே நிறுத்திக்கொள்கிறார். கல்வியிலும் அதுதான் நடக்கிறது. கணக்கில் பின்தங்கிய பிள்ளை, வீட்டு நிலைமை அறிந்த பிள்ளையாக இருந்தால், “எனக்கு டியூஷன் வேண்டும்” என்று வாய் திறந்து கேட்பதில்லை. விளங்காததை விளங்கியதுபோல் தலையாட்டிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விடுகிறது.

காசு வாங்காமல், பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கணினி வழியாகவும் கைத்தொலைபேசி வழியாகவும் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஒரு கூட்டத்தை எவ்வாறு தொடங்குவது, தொடங்கியதை எவ்வாறு நிலைக்கச் செய்வது என்பதையே இங்கு நாம் எடுத்துப் பேச விரும்புகிறோம்.

உதவி செய்யும் அமைப்புகள் இல்லாமலில்லை. 1982-ல் தோன்றிய மெண்டாக்கியும், 1991-ல் தோன்றிய சிண்டாவும் குறைந்த கட்டணத்தில் டியூஷன் வகுப்புகள் நடத்தி எத்தனையோ பிள்ளைகளைக் கரையேற்றியிருக்கின்றன. அவற்றுக்குப் போட்டியாக ஒன்றை நாம் சொல்ல வரவில்லை. வகுப்பு என்பது வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ நடப்பது. செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்கு வீட்டுப்பாடத்தின் நான்காம் கணக்கில் வந்து நிற்கிற சந்தேகம் சனிக்கிழமை வரை காத்திருப்பதில்லை. அது அன்றிரவே மறந்துபோகிறது. அல்லது பயமாக மாறிவிடுகிறது. அந்த நேரத்தில் அடுத்த புளோக்கிலோ, ஈசூனிலோ, ஜொகூர் பாருவிலோ, அதே கணக்கைப் போன வருஷம் போட்டுத் தேறிய ஒரு பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கிறது. இவ்விரண்டு பிள்ளைகளையும் சேர்த்து வைப்பதுதான் வேலை.

சேர்த்து வைப்பதற்கு வேண்டிய கருவிகள் வந்துவிட்டன. 2020 மார்ச்சு 18-ல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும், அவ்வாண்டு ஏப்ரலில் சிங்கப்பூர்ப் பள்ளிகள் வீட்டிலிருந்தே கற்றலுக்கு மாறியதும் யாவரும் அறிவர். ஒரு கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் முறை வைத்துப் பயன்படுத்திய காலம் அது. அதற்குப் பிறகு சிங்கப்பூரில், 2021-ஆம் ஆண்டு முடிவதற்குள் உயர்நிலைப் பள்ளி மாணாக்கர் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கற்றல் கருவி கிடைக்கும்படி அரசாங்கம் செய்துவிட்டது. ஆகவே கருவியைப் பற்றி நாம் அதிகம் பேசப் போவதில்லை. ஜூம் ஆனாலும் சரி, கூகள் மீட் ஆனாலும் சரி, எது கைக்கு எளிதாக வருகிறதோ அது போதும். கருவி நன்றாக இருந்தும் கூட்டம் கலைந்து போவது ஏன் என்பதுதான் கேள்வி.

அதை விளங்கிக்கொள்ள இருநூறு ஆண்டுகளுக்கு முன் மதராஸில் நடந்ததைச் சற்றுப் பார்க்க வேண்டும். ஏனெனில் பிள்ளை பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையை உலகமெல்லாம் ஒரு காலத்தில் “மதராஸ் முறை” என்றே அழைத்தது.

ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல் என்பவர் 1787-ல் மதராஸுக்கு வந்தார். 1789-ல் எழும்பூரிலிருந்த, படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதைப் பள்ளிக்கு மேற்பார்வையாளரானார். ஒரு நாள் அவர் போகிற வழியில், நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் சிறுவர்கள் மணலைப் பரப்பி விரலால் எழுத்து எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அவ்வாறே செய்யும்படி உபாத்தியாயரிடம் சொன்னார். அந்த மனிதர் இது நடக்காத காரியம் என்று கையை விரித்துவிட்டார். அதற்குமேல் அவரோடு மல்லுக்கு நிற்காமல், ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை பெல் ஒப்படைத்தார். அவன் ஒரு சாதாரணச் சிப்பாயின் மகன். உபாத்தியாயரால் முடியாது என்ற காரியம் அச்சிறுவனால் முடிந்தது. பிறகு மற்ற வகுப்புகளும் ஒவ்வொன்றாகப் பிள்ளைகளின் கைக்கு வந்தன. பெல் 1796-ல் இந்தியாவை விட்டுப் போய், 1797-ல் லண்டனில் இந்த அநுபவத்தை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அதை அடுத்து 1798-ல் லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் ஏழைப் பிள்ளைகளுக்கு இதையொத்த பள்ளியைத் தொடங்கினார்.

திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இருந்ததையும், ஓதும் பள்ளியில் பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையிடம் பாடம் கேட்டுவிட்டுத்தான் உஸ்தாதிடம் அனுப்பும் என்பதையும் அறிந்த நம்மவர்க்கு இதில் ஆச்சரியம் ஏதுமில்லை. நம் வீட்டுப் புழக்கத்தை வெள்ளைக்காரர் கண்டு, அதற்குப் பெயர் வைத்து, புத்தகம் போட்டார் என்பதே செய்தி.

ஆனால் அந்த முறை பின்னால் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லியாக வேண்டும். செலவு குறைவு என்ற ஒரே காரணத்துக்காக அதைப் பெருக்கினார்கள். ஒரே மண்டபத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள். ஒரே ஓர் உபாத்தியாயர். நடுவில் பத்துப் பன்னிரண்டு வயதுச் சட்டாம்பிள்ளைகள். அவர்கள் தாங்கள் மனனம் செய்ததை அப்படியே கத்திச் சொன்னார்கள். கீழே இருந்தவர்கள் திருப்பிக் கத்தினார்கள். யாருக்கு விளங்கியது, யாருக்கு விளங்கவில்லை என்று பார்ப்பதற்கு ஆளில்லை. கடைசியில் 1846-ல் இங்கிலாந்து அரசாங்கம், வயதில் மூத்த மாணாக்கரை உபாத்தியாயரின் கீழ் ஐந்தாண்டு பழக்கி எடுக்கும் வேறோர் ஏற்பாட்டுக்கு மாறியது. எட்டு வயதுப் பிரிஸ்கன் வெற்றி பெற்றதற்குக் காரணம், பெல் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்பதுதான். கூட்டம் பெருகியதும் பார்ப்பவர் இல்லாமற் போனார். சிறுத்து நின்றால் வாழும், பெருத்தால் கெடும் என்று சொல்லத்தக்க காரியங்களில் இதுவும் ஒன்று.

நிற்க. இந்தக் காலத்தில் இதே காரியம் கம்பி வழியாக எப்படி மறுபடி பிறந்தது என்பதைப் பார்ப்போம்.

சல்மான் கான் என்பவரின் தகப்பனார் இன்றைய பங்களாதேஷின் பாரிசாலைச் சேர்ந்தவர். கான் பிறந்ததோ அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில். 2004-ல் அவர் பாஸ்டன் நகரில் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நியூ ஆர்லியன்ஸில் இருந்த நாதியா என்ற உறவுக்காரச் சிறுமி கணக்கில் தவறிவிட்டாள். அவளை மறித்து நின்றது அளவை மாற்றம், அதாவது ஓர் அளவை மற்றோர் அளவாக மாற்றும் கணக்கு. கான் வேலை முடிந்து வந்து, தொலைபேசியில் பேசிக்கொண்டே, இருவர் திரையிலும் தெரியும்படி கணினியில் எழுதிக் காட்டி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவள் தேறினாள். அவள் தம்பிமார் வந்தார்கள். பிறகு மற்ற உறவுப் பிள்ளைகளும் வந்தார்கள். எல்லாரையும் ஒரே நேரத்தில் சமாளிக்க முடியாமற் போகவே, 2006-ல் பாடங்களைப் படமாக எடுத்து யூடியூபில் ஏற்றினார். அதுவே பின்னால் உலகறிந்த கான் அகாடமி ஆயிற்று.

இந்தக் கதையை எடுத்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் கான் அகாடமியின் பெருமையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நமக்கு அதைக் காட்டிலும் முக்கியமானது 2020-ல் நடந்தது. பள்ளிகள் மூடிக்கிடந்த அவ்வாண்டில், படம் பார்ப்பது மாத்திரம் போதவில்லை, பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று கண்டு, கானும் சிசிர் மெஹ்ரோத்ரா என்பவரும் சேர்ந்து ஸ்கூல்ஹவுஸ் என்ற பெயரில் மற்றோர் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். பல நாடுகளிலுள்ள பிள்ளைகள் அதில் ஒருவருக்கொருவர் இலவசமாகப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார்கள். சில பிள்ளைகள் மாத்திரம் கொண்ட சிறு கூட்டங்களாக ஜூம் வழியே பாடம் நடக்கிறது. கோடிக்கணக்கான பேர் பார்க்கும் படங்களை எடுத்தவரே, மறுபடியும் நாலைந்து பேர் உட்கார்ந்து பேசும் பாடத்துக்குத் திரும்பி வந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அங்கே கற்பிக்க விரும்பும் பிள்ளைக்கு வைத்திருக்கும் நிபந்தனை மிகவும் நல்ல நிபந்தனை. மதிப்பெண் சான்றிதழைக் காட்டினால் போதாது. எந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்க விரும்புகிறதோ, அந்தப் பாடத்தின் சோதனையைத் தன் திரையைப் பதிவு செய்தபடி எழுத வேண்டும். எழுதும்போதே, “இதை ஏன் இப்படிச் செய்கிறேன்” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். அந்தப் பதிவை மற்ற மாணாக்கர் பார்த்துச் சரி என்றால்தான் கற்பிக்கலாம். விடை தெரிந்தவர் வேறு, வழி தெரிந்தவர் வேறு என்பதை இந்தச் சோதனை உடனே காட்டிவிடும். நம் கூட்டத்துக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. கற்பிக்க வரும் பிள்ளை, கணக்குத் தெரியாத ஒரு பெரியவர் முன் உட்கார்ந்து, ஒரே ஒரு கணக்கை ஐந்து நிமிஷம் விளக்கட்டும். பெரியவருக்கு விளங்கினால் தேர்ச்சி. நம்மைப் போன்ற ஆரம்பப் பள்ளிப் படிப்புக்காரர் இந்தச் சோதனைக்கு மிகவும் பொருத்தமானவர் என்பதைக் கூச்சமின்றிச் சொல்லிக்கொள்ளலாம்.

இத்தாலியில் நடந்ததையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம். அதே 2020-ல் மிலான் நகரப் பல்கலைக்கழக மாணாக்கர் பலர், தாமே முன்வந்து, வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இணையத்தின் வழியே தனித்தனியாகப் பாடம் சொன்னார்கள். ஒரு பிள்ளைக்கு ஒருவர், பெரும்பாலும் வாரத்துக்கு மூன்று மணி நேரம், ஐந்தாறு வாரம்தான். கற்றவர் 530 பிள்ளைகள். மிசேலா கார்லானா, எலியானா லா பெராரா என்ற இரு பேராசிரியைகள், உதவி பெற்ற பிள்ளைகளையும் விண்ணப்பித்தும் இடம் கிடைக்காத பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். படிப்பும் முன்னேறியிருந்தது, மனத் தெம்பும் கூடியிருந்தது. மனத் தெம்பு அதிகமாகக் கூடியது வெளிநாட்டிலிருந்து குடியேறிய வீட்டுப் பிள்ளைகளுக்கே. நேரில் முகம் பாராமல் கண்ணாடித் திரையில் பார்த்தால் பாசம் வருமா என்று கேட்பவர்க்கு இது போதுமான பதில்.

இனி, இந்தக் காரியத்தில் உண்மையான முட்டுக்கட்டை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். கற்க வரும் பிள்ளைகளின் வீட்டில் அன்று. கற்பிக்க வேண்டிய பிள்ளையின் வீட்டில்தான் அது இருக்கிறது. “என் மகள் ஓ நிலைத் தேர்வு எழுத வேண்டியவள். அவள் மற்றவன் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தால் அவள் படிப்பு என்னாவது?” என்று ஒரு தகப்பனார் கேட்டால், அது தன்னலம் என்று தள்ளிவிடக் கூடாது. நியாயமான கேள்வி. பதிலும் நியாயமாக இருக்க வேண்டும். தருமம், புண்ணியம் என்று பேசி அவர் வாயை அடைக்கக் கூடாது.

பதில் இதுதான். 1982-ல் கோஹன், குலிக் முதலிய அமெரிக்க ஆராய்ச்சியாளர், பள்ளிகளில் நடந்த இத்தகைய ஏற்பாடுகள் பற்றிய 65 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். கற்ற பிள்ளைகள் முன்னேறியது எதிர்பார்த்ததே. கற்பித்த பிள்ளைகளும் அந்தப் பாடத்தில் முன்னேறியிருந்தார்கள். ஏன் என்பதை யோசித்தால் விளங்கும். தனக்காகப் படிக்கும்போது, பாதி விளங்கியதையும் முழுதும் விளங்கியதாக நினைத்துக்கொண்டு போய்விடலாம். எதிரே ஒரு சின்னப் பிள்ளை, “ஏன்?” என்று கேட்டுவிட்டால் அந்தப் பாதி வெளிச்சத்துக்கு வந்துவிடும். மறுநாள் கற்பிக்க வேண்டும் என்பதற்காகப் படிக்கிற பிள்ளை வேறு மாதிரிப் படிக்கிறது. ஆகவே அந்தத் தகப்பனாரிடம், “வாரத்தில் இரண்டு நாள், நாற்பது நிமிஷம், தேர்வுக்கு முந்தின இரண்டு மாதம் விடுப்பு” என்று கணக்காகப் பேசலாம். அவரும் கணக்காக ஒப்புக்கொள்வார்.

இதைவிட ஒரு படி மேலே போன ஊரும் உண்டு. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ என்ற நகரில், 1984-ல், கொக்க கோலா நிறுவனத்தின் பண உதவியோடு ஒரு திட்டம் தொடங்கினார்கள். படிப்பில் பின்தங்கி, பள்ளியைவிட்டு நின்றுவிடக்கூடும் என்று கருதப்பட்ட பிள்ளைகளைக் கூப்பிட்டு, “உங்களுக்கு நாங்கள் டியூஷன் தருகிறோம்” என்று சொல்லவில்லை. “ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நீங்கள் பாடம் சொல்லிக்கொடுங்கள், அதற்கு ஊதியமும் தருகிறோம்” என்றார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவனைக் காத்துக்கொண்டு ஒரு சின்னப் பிள்ளை வாசலில் நிற்கிறது என்றால் அவனால் எப்படிப் பள்ளிக்கு வராமலிருக்க முடியும்? இரண்டாண்டு கழித்துப் பார்த்தபோது, திட்டத்தில் சேராத அதே நிலைப் பிள்ளைகளில் 100-க்கு 12 பேர் பள்ளியை விட்டிருந்தார்கள். சேர்ந்தவர்களில் விட்டவர் 100-க்கு ஒருவர்.

நம்மவர் கூட்டம் தொடங்குவதானால் இதைத்தான் முதலில் நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். கெட்டிக்காரப் பிள்ளைகளை மேடையேற்றி, மற்றவர்களைக் கீழே உட்கார வைப்பது பழைய மண்டபத்து முறை. உயர்நிலை இரண்டில் தடுமாறும் பையன், தொடக்கநிலை நான்கிலிருக்கும் பிள்ளைக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுக்கத் தகுதி உள்ளவன். அவனுக்கு உயர்நிலை நான்கிலுள்ள ஒரு காக்கா சொல்லிக்கொடுக்கட்டும். ஒவ்வொருவருக்கும் மேலே ஒருவர், கீழே ஒருவர். அப்படி இருந்தால் உதவி வாங்குகிறவன் என்ற பெயர் யாருக்கும் வராது. பெரியவர்களாகிய நமக்கே கை நீட்டி வாங்குவது எவ்வளவு கஷ்டம்! பதினான்கு வயதுப் பையனுக்கு அது பத்து மடங்கு.

மற்றொன்று. சமீபத்தில் அந்த வழியில் கல் தடுக்கி விழுந்து எழுந்தவனுக்குத்தான் கல் இருக்கும் இடம் தெரியும். மலேசியாவில் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு, மலாய் போதனாமொழியாக உள்ள இடைநிலைப் பள்ளிக்குள் போகும் பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் காதடைத்தது போலிருக்கும். அறிவியல் தெரியும், கேள்வி விளங்காது. அந்தப் பிள்ளைக்குப் பட்டம் பெற்ற ஆசிரியரைவிட, இரண்டு வருஷத்துக்கு முன் அதே வாசலில் நின்று விழித்த தமிழ்ப்பள்ளி ராத்தாவே பெரிய துணை. எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் என்று ஒரு சிறு நோட்டுப் புத்தகம் அவளிடம் இருக்கும். அதையே முதற் பாடமாக வைத்துக்கொள்ளலாம். இரு நாட்டுப் பாடத்திட்டமும் வெவ்வேறாகையால், கணக்கைத் தவிர மற்றப் பாடங்களுக்கு அந்தந்த நாட்டுப் பிள்ளைகளையே இணை சேர்ப்பது நல்லது.

கற்பிக்கும் விதம் பற்றி ஒரு பாடம். தொடக்கநிலை ஐந்திலிருக்கும் சிறுமிக்கு ஒரு கணக்கு: இரண்டரைக் கிலோ சீனி இருக்கிறது, 250 கிராம் பொட்டலங்களாகக் கட்டினால் எத்தனை பொட்டலம்? சிறுமி 250-ஐ 2.5-ஆல் வகுத்து, “நூறு” என்று எழுதிவிட்டாள். கற்பிப்பவள், “தப்பு, பத்துதான் சரி” என்று சொன்னால் வேலை ஒரு நொடியில் முடிந்தது. பாடமும் அங்கேயே முடிந்தது. அவள் கேட்க வேண்டியது வேறு.

“எப்படிம்மா நூறு வந்தது?”

“பெரிய நம்பரைச் சின்ன நம்பரால் வகுத்தேன் ராத்தா.”

“சரி, அது இருக்கட்டும். ஒரு கிலோவில் எத்தனை கால் கிலோ இருக்கும்?”

“நாலு.”

“இரண்டு கிலோவில்?”

“எட்டு.”

“மிச்சம் அரைக் கிலோ இருக்கிறதே?”

“இரண்டு. அப்படியென்றால்… பத்தா?”

“நூறு என்று எழுதினாயே, நூறு பொட்டலம் கட்ட எத்தனை கிலோ சீனி வேண்டும்?”

இந்தக் கடைசிக் கேள்விதான் பாடம். சிறுமி யோசித்து, “இருபத்தைந்து கிலோ!” என்று சொல்லித் தானே சிரித்துவிட்டால், இனி அவள் கிலோவையும் கிராமையும் கலந்து வகுக்க மாட்டாள். கடையில் எடைத் தட்டருகே நின்று வளர்ந்த பிள்ளைகள் இந்தக் கணக்கில் தவறுவதில்லை. காரணம், நூறு பொட்டலம் எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். கற்பிக்கும் பிள்ளைக்கு இவ்வளவு பழக்கினால் போதும்: முதலில் எப்படி வந்தது என்று கேள், தவறென்று சொல்லாதே, சின்ன அளவில் கேள், விடையைத் திரும்பக் கொண்டுபோய்க் கணக்கோடு பொருத்திப் பார்க்கச் செய். எழுதுகோல் எப்போதும் கற்பவர் கையில்தான் இருக்க வேண்டும். திரையில் கற்பிப்பவரே எல்லாவற்றையும் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தால், அது படம் பார்ப்பதாகிவிடும்.

இப்போது ஒரு சிலர், “இதெல்லாம் எதற்கு? 2022-க்குப் பிறகு சாட்ஜிபிடி முதலான யந்திரங்களே எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகின்றனவே” என்பார்கள். பதில் சொல்கின்றன, மறுக்கவில்லை. வழி காட்டும்படி கேட்டால் வழியும் காட்டுகின்றன. ஆனால் பிள்ளை அன்றைக்குத் திறக்காவிட்டால், “ஏன் வரவில்லை?” என்று யந்திரம் கேட்பதில்லை. ராத்தா கேட்பாள். பின்தங்கிய பிள்ளைக்குப் பதில் கிடைக்காததைவிட, தான் வந்தாலும் வராவிட்டாலும் யாருக்கும் தெரியாது என்பதுதான் பெரிய குறை.

ஆகவே கூட்டத்தின் உயிர் வருகையில் இருக்கிறது. ஆறு இணைகளோடு தொடங்கினால் போதும். நூறு பேரைச் சேர்த்துவிட்டோம் என்று அறிக்கை விடும் ஆசை நம் சங்கங்களுக்கு எப்போதும் உண்டு. இருநூறு பேரை ஒரே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, “சந்தேகம் உள்ளவர்கள் கேட்கலாம்” என்று அறிவித்தால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியாததன்று. முதல் வாரம் கேள்விகள் வரும். இரண்டாம் வாரம் காலை வணக்கப் படங்கள் வரும். மூன்றாம் வாரம் டுரியான் விலை வரும். கேட்க வெட்கப்படும் பிள்ளை இருநூறு பேர் முன்னிலையில் கேட்கவே போவதில்லை. இன்னாருக்கு இன்னார், இன்ன நாள், இன்ன நேரம் என்று முதலிலேயே எழுதிவிட வேண்டும். செவ்வாயும் வியாழனும், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் ஒரு நாற்பது நிமிஷம் நம் வீடுகளுக்கு ஒத்துவரும். அதற்குமேல் நீட்டினால் கற்பிக்கும் பிள்ளையின் வீட்டுப்பாடம் கெடும்.

பாதுகாப்பு விஷயத்தில் தாட்சணியம் பார்க்கலாகாது. ஸ்கூல்ஹவுஸில் பாடங்கள் பதிவு செய்யப்படுகின்றன. பதின்மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை அவர்கள் சேர்ப்பதில்லை. நாம் சின்னப் பிள்ளைகளையும் சேர்க்கப் போகிறோம் என்றால் அதைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்குப் பெண் பிள்ளைகளே கற்பிக்கட்டும். கருவி படுக்கையறையில் அன்றிக் கூடத்து மேசையில் இருக்கட்டும். பெரியவர் ஒருவர் அந்தப் பக்கம் போய் வந்துகொண்டிருக்கட்டும். பாடத்துக்கான இணைப்பைச் சங்கத்தின் பொறுப்பாளரே திறந்து, பதிவையும் அவரே வைத்திருக்க வேண்டும். பிள்ளைகள் தங்களுக்குள் தனியாக எண்களைக் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. இரு வீட்டுப் பெற்றோரும் ஒரு முறையாவது திரையில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டால் பாதிப் பயம் தீர்ந்துவிடும். கற்பிக்கும் பிள்ளைக்கும் தீர்க்க முடியாத சந்தேகம் வந்தால் கேட்பதற்கு, பள்ளி ஆசிரியராயிருக்கும் அல்லது இருந்து ஓய்வு பெற்ற ஒருவரை மாதம் ஒரு முறை கூப்பிட வேண்டும். பெல் பக்கத்தில் நின்றது போல, யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும்.

பொறுப்பாளர் பாடம் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை; விடாமல் விசாரிக்கிறவராக இருக்க வேண்டும். நாம் பார்த்தவரையில் இந்த வேலைக்கு ஆண்களைவிடத் தாய்மார்களே பொருத்தம். ஒரு பிள்ளை இரண்டு முறை வராமற் போனால் மூன்றாம் முறைக்குள் அந்த வீட்டுக்குப் பேசியாக வேண்டும். வாப்பாவுக்கு இரவு வேலையாக இருக்கலாம், இணையம் வெட்டப்பட்டிருக்கலாம், இருவருக்கும் ஒத்துப் போகாமலும் இருக்கலாம். ஒத்துப் போகாவிட்டால் இணையை மாற்றிவிடுவதில் யாருக்கும் அவமானமில்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவைக்க வேண்டும்.

ஒரு பேரேடு போதும். முதற் பத்தியில் இணையின் பெயர், அடுத்ததில் தேதி, அடுத்ததில் அன்று என்ன பாடம், கடைசியில், கற்ற பிள்ளை தன் கையால் எழுதிய ஒரு வரி: இன்று எனக்கு விளங்கியது இது, விளங்காதது இது. மதிப்பெண் பத்தி வேண்டாம். அதைப் பள்ளிக்கூடம் போட்டுக்கொள்ளும். ஆறு வாரம் கழிந்ததும் பேரேட்டைத் திறந்து பார்க்க வேண்டும். கடைசிப் பத்தி காலியாக உள்ள இணைகளை மாற்ற வேண்டும். இதுவரை கற்க மட்டும் வந்த பிள்ளைகளில் யாராவது, தன் தம்பிக்கோ அடுத்த வீட்டுப் பிள்ளைக்கோ சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறாரா என்றும் விசாரிக்க வேண்டும். அப்படி ஒருவர் இருந்தால், அவருக்கு முறையாக ஓர் இணையைச் சேர்த்துக் கொடுத்து, ஏழாவது பெயரை எழுதிக்கொள்ளலாம்.